கெட்டுப்போன எண்ணெயும் மூன்றாம் ஓலையும்

தோல் பதனிடுகிற எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய தொழிலை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவன், குரோம் டிரம்மில் தோல் எடுக்கிறவன், சாயம் அடிக்கிறவன், ஒவ்வொருவனுக்கும் ஒரு வாசனை. என் மேல் மண்ணெண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும் சேர்ந்த வாசனை இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. மாதா கோயிலில் நான் கடைசி பெஞ்சில் உட்காருவதற்குக் கூச்சம் பாதிக் காரணம், இது பாதிக் காரணம்.

என் தங்கையைப் பெண் பார்க்க வாலாஜாபேட்டையிலிருந்து வந்த மனிதரிடம் எந்த வாசனையும் இல்லை. நகக்கண்கள் சுத்தமாக இருந்தன. உள்ளங்கையில் நீலமோ மஞ்சளோ ஒரு கறை கிடையாது. ஆபீஸ் உத்தியோகமும் இல்லை, ஹெல்பர் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். உதவியாள் வேலை செய்கிறவனுக்கு எப்படி இந்தக் கை இருக்க முடியும்? அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா இறந்துபோயிருந்தார். மாதனூர் பக்கத்தில் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் இருந்தோம். தங்கை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஷினில் இருந்தாள். காலையில் கம்பெனி பஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் இருந்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனாலும் வீட்டுக்கு ஆண்பிள்ளை நான்தான் என்பதால் மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்க வேண்டியது என் பொறுப்பு. நான் கேட்காததால் அம்மா கேட்டாள்.

"இன்னா வேலப்பா பாக்குற?"

"எண்ணெய் எப்ப கெட்டுப்போவுதுன்னு பாக்குற வேலைம்மா."

அம்மாவுக்குச் சந்தோஷம். கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, அது மண்ணெண்ணெய் மாதிரி, ஆனால் இன்னும் சுத்தமான எண்ணெய், அதில் இன்னொரு மருந்து கலந்திருக்கும் என்றார். கடலோரத்தில் ஏதோ ஓர் அணு ஆராய்ச்சிக் கூடம். உலையில் எரிந்து முடிந்த கம்பிகளை அமிலத்தில் கரைப்பார்களாம். அந்த அமிலத்தோடு இந்த எண்ணெயைக் கலந்து குலுக்கினால், வேண்டிய உலோகம் எண்ணெய்க்குள் ஏறிக்கொள்ளும். வேண்டாதது அமிலத்திலேயே நின்றுவிடும். பிறகு எண்ணெயிலிருந்து உலோகத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, அதே எண்ணெயை மறுபடி உபயோகிப்பார்கள். ஆனால் கரைசலிலிருந்து வரும் கதிர் அந்த எண்ணெயை அடித்துக்கொண்டே இருக்கும். அடிபட்ட எண்ணெய் உடைந்து புளித்துவிடும். பிடித்த உலோகத்தை விடமாட்டேன் என்று அடம் பிடிக்கும். எண்ணெயும் அமிலமும் பிரிகிற இடத்தில் பால் மாதிரி ஆடை கட்டிக்கொள்ளும். சலவை சோடா கரைத்த நீரில் கழுவித் திரும்ப எடுப்பார்கள். ஒரு அளவுக்கு மேல் கழுவியும் பிரயோஜனம் இல்லை. அந்த அளவு எது என்று கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பாட்டில் கழுவி, எண்ணெய் ஊற்றி, எடுத்துக் கொடுப்பது தன் வேலை என்றார்.

இதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. என் வேலையைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உப்பிலும் அமிலத்திலும் ஊறிய ஆட்டுத்தோலை மண்ணெண்ணெயோடு டிரம்மில் போட்டுச் சுற்றுவோம். கொழுப்பு எண்ணெய்க்கு வந்துவிடும். அதைத் தொட்டியில் விட்டால் மேலே எண்ணெய், கீழே உப்புத் தண்ணீர். மேலே நிற்பதை எடுத்து மறுபடி உபயோகிப்போம். பழைய எண்ணெயாக இருந்தால் நடுவில் தயிர் மாதிரி ஒன்று நின்றுகொண்டு இரண்டையும் பிரிய விடாது. யாரோ என்னைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு இன்னொரு யோசனை வந்தது, அது அதைவிட மோசம். எண்ணெய் தான் தொட்டதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரிந்த தொழில். கொழுப்பை வாங்கும், நாற்றத்தை வாங்கும், தொட்ட கையில் கொண்டுபோய் அதை ஏற்றும். கதிர் பட்ட எண்ணெய் கதிரை வாங்காமலா விடும்? அந்த எண்ணெயைத் தினமும் ஊற்றுகிறவர் உடம்பில் என்ன ஏறியிருக்கும்?

கிளம்பும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதைக் கேட்டே விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். தன்னிடம் வருவது புது எண்ணெய். அதைப் பாட்டிலில் போட்டு ஈயக் கூட்டுக்குள் வைப்பார்கள். உள்ளே கோபால்ட் இருக்கும். அது கதிர் அடிக்கும். வெளியே எடுத்துவிட்டால் எண்ணெயில் கதிர் நிற்காது, எண்ணெய் கெட்டிருக்கும், அவ்வளவுதான்.

"வெயில்ல கெடந்த தோலு வெளுத்துப் போவுதில்ல மச்சான். உள்ள தூக்கினு வந்தா அதுலேர்ந்து வெயிலா அடிக்குது?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே நன்றாக இருந்தது. பலமுறை பலரிடம் சொல்லிப் பழகின பதில் மாதிரி இருந்தது.

தங்கைக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு ஜன்னலில் ரொம்ப நேரம் நின்றாள். வந்த இடங்களில் குடிக்காதவராக, வரதட்சணை கேட்காதவராக வந்தவர் இவர் ஒருவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வெறும் வாசனை இல்லாததைத் தவிர காரணம் இல்லை. சரி என்று சொல்லிவிட்டோம்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்கு விக்கினம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். முதல் ஓலை வாசித்த மறுநாளே விஷயம் டேனரிக்கு வந்துவிட்டது.

"இன்னாய்யா, ஒன் மச்சான் அணு கம்பெனியாமே" என்றார் மேஸ்திரி பாய். "கல்யாணத்துக்கு சீரியல் லைட் செலவு மிச்சம். ஆள நடுவுல நிக்க வச்சா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தபோது அங்கேயும் யாரோ வந்து பேசிவிட்டுப் போனது தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவர் காப்பி குடித்த டம்ளர், விளிம்பில் நசுங்கின எவர்சில்வர் டம்ளர், சமையல்கட்டு ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் பார்த்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை.

அந்த வாரம் ஆம்பூருக்கு ஏதோ வேலையாக வந்த மாப்பிள்ளை என் டேனரியைப் பார்க்க ஆசைப்பட்டார். நானும் கூட்டிக்கொண்டு போனேன். பாசத்தில் இல்லை. அவர் சொன்னது நிஜமா என்று என் தொட்டியின் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அன்றைக்குத் தொட்டியில் எண்ணெய் பிரியாமல் நடுவில் கெட்டியாக ஆடை கட்டியிருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி. அவர்கள் ஆராய்ச்சிக் கூடத்திலும் அச்சு அசலாக இதே மாதிரிதான் நிற்குமாம். சோடா போட்டுக் கழுவினால் எண்ணெய் தெளிந்துவிடும் என்றார். மேஸ்திரி பாய் தலையாட்டினார். சலவை சோடா கரைத்து ஊற்றிக் கலக்கினோம்.

கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்கப் பால் மாதிரி வெளுத்தது. நுரை ஏறி விளிம்பைத் தாண்டி வழிந்தது. நடுவில் மட்டும் ஆடை இருந்தது, இப்போது எல்லாமே ஆடை.

"அணுவுல கத்துக்கினது ஆட்டுக் கொழுப்புக்கு ஆவல போல" என்றார் பாய். "எம் பொழப்பயே தயிர்க் கடையாக்கிட்டான்யா ஒன் மச்சான்."

மாப்பிள்ளை கோபப்படவில்லை. நுரையை விரலில் தொட்டுத் தேய்த்தார். வழுக்கியது. "சோப்பு" என்றார். "கொழுப்புல சோடா போட்டா சோப்புதான் ஆவும். எங்க எண்ணெய்ல கொழுப்பு கெடையாது, புளிப்புதான். அத நா யோசிக்கல பாய். எந் தப்புதான்." பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களோடு உப்பு மூட்டையைத் தூக்கிக் கொட்டினார். உப்பு விழுந்தபின் மெல்ல மெல்லத்தான் அது உடைந்தது. ஒரு தொட்டி எண்ணெய் கெட்டதற்குப் பாய் என்னைத்தான் திட்டினார்.

அத்தனை பேர் முன்னால் தன் தப்பை ஒப்புக்கொண்ட மனிதரை நான் நம்பியிருக்க வேண்டும். தங்கையிடம் சொன்னபோது அவள் அப்படித்தான் சொன்னாள், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு. ஆனால் என் புத்தி வேறு மாதிரி ஓடியது. சின்ன விஷயத்தை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவர் பெரிதாக எதையோ வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சாமியார் பங்களா வராண்டாவில் நின்றேன். ஓர் அம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பையனுக்குக் குழந்தை பிறக்காது, அவனுக்கே அது தெரியும், மறைத்துக் கலியாணம் செய்கிறான் என்று. யார் என்று சாமியார் சொல்லவில்லை.

"புள்ள இல்லாதது விக்கினம் கெடையாது. தெரிஞ்சே ஏமாத்தினா அது வேற. நீ விசாரிச்சிட்டு அடுத்த ஞாயிறு பூசைக்கு முந்தி எங்கிட்ட வந்து சொல்லு. நீ சொன்னாத்தான் மூணாம் ஓல."

என் வாழ்க்கையில் அதுவரை என் வார்த்தைக்காக யாரும் எதையும் நிறுத்தி வைத்ததில்லை. அந்த வாரம் முழுக்க அதே யோசனை. யார் சொல்லியிருப்பார்கள்? தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திய பெண்கள் மேல் சந்தேகம். தரகர் மேல் சந்தேகம். அந்த டம்ளரை நினைத்து ஒரு நாள் அம்மா மேலேயே சந்தேகம். தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, அவரை வரச் சொல் என்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நின்றுபோன கலியாணத்துப் பெண் என்று ஒரு பெயர் விழுந்தால் எங்கள் பக்கத்தில் அது லேசில் போகாது. நின்றுபோகாமல் நடந்து, அது ஏமாற்று என்று ஆனால் அதுவும் போகாது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ராத்திரி வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்ததாகச் சொன்னார். சாப்பிட உட்காரும் முன் கை கழுவ வெளியே சிமெண்டுத் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து ஏதோ ஈரத் தரையில் விழுந்தது. தீப்பெட்டியைவிடச் சிறியது, தட்டையான பிளாஸ்டிக் வில்லை, பின்னால் கொக்கி, மேலே நம்பர். தங்கைதான் எடுத்தாள்.

"தண்ணி பட்டுச்சா?" என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. அவளிடமிருந்து வாங்கிச் சட்டையில் துடைத்தார், வெயில் படாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

அது என்ன என்று அம்மா கேட்டாள். உள்ளே ஒரு பிலிம் துண்டு இருக்கிறது என்றார். போட்டோ பிலிம் மாதிரி. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று மாதா மாதம் அதைக் கழுவிப் பார்ப்பார்கள். வெளியே வரும்போது வாசலில் மாட்டிவிட்டு வரவேண்டும். பஸ்ஸுக்கு ஓடின அவசரத்தில் மறந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஈரமோ சூடோ பட்டு அது கெட்டால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு எப்படியோ வார்த்தை வந்தது. "வெறும் எண்ணெய்தான்னு சொன்னீங்க. வெறும் எண்ணெய்க்கு இது எதுக்கு?"

"கோபால்ட் ரூமுக்குப் போறவங்க எல்லாம் மாட்டணும் மச்சான்."

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பதில் சரியாகத்தான் பொருந்தியது. தங்கை தொட்டி ஓரத்தில் நின்று குழாயைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ரூமுக்கு மட்டும்தானா?"

கொடியில் காய்ந்த துணி காற்றில் அடித்துக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இல்ல" என்றார்.

எப்போதாவது இன்னொரு கட்டடத்துக்கும் போவதுண்டு. நிஜமாகவே கரைசலில் வேலை செய்து கெட்டுப்போன எண்ணெயிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தால்தான், கோபால்டில் வைத்துக் கெடுத்த எண்ணெயோடு ஒப்பிட முடியும். அந்த எண்ணெய் வேறு. அதில் கதிர் வீசுகிற பொருள்களே கரைந்து நிற்கும். நான் பயந்தது அதில் சரி. அதைக் கையால் தொட முடியாது. ஈயக் கல் அடுக்கின சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நீளமான இடுக்கியால் எடுப்பார்கள். வெளியே வரும்போது கையையும் காலையும் கதிர் பார்க்கும் மெஷினில் வைத்துக் காட்ட வேண்டும். இதுவரைக்கும் அவர் பிலிமில் ஜாஸ்தி என்று வந்ததில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஆற்காட்டுல பொண்ணு பாக்கப் போன ஒரு எடத்துல முழுசா சொன்னேன் மச்சான். நா காப்பி குடிச்ச டம்ளர எடுத்துத் தனியா வச்சிட்டாங்க. எங் கண்ணு முன்னாலயே."

அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தங்கை இன்னும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை என்று அவள் கேட்கவில்லை. ஆனால் கேட்ட மாதிரியே அவர் பதில் சொன்னார். "பொறக்காதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. பொறக்கும்னு நா எழுதித் தரவும் முடியாது. எங்கூட வேல செய்றவங்களுக்கு இருக்குது."

நான் என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பிப் பேசினாள், அவரிடம் இல்லை.

"எங்க லைன்ல ஒட்டுற சொல்யூஷன் மோந்து மோந்து மயக்கம் போட்டவள, தண்ணி தெளிச்சி மறுபடி மெஷின்ல ஒக்கார வச்சாங்கண்ணா. நீ குரோம் தண்ணியில நின்ன காலத்துல வந்த புண்ணு இன்னும் ஆறல. எவ்ளோ பட்டுச்சின்னு நம்மள எவன் கழுவிப் பாத்தான்? இவருக்காச்சும் சட்டையில ஒன்னு மாட்டி வுட்டுருக்காங்க."

பிறகு அவரைப் பார்த்து, அந்தக் கட்டடத்துக்குப் போகிற நாளைத் தன்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றாள். போய்விட்டு வந்து இல்லை, போவதற்கு முன்னால். பாதி சொல்லி பாதி வைத்துக்கொள்கிற வேலை வேண்டாம் என்றாள். அவர் சொல்கிறேன் என்றார். அவள் அவர் கையிலிருந்த வில்லையை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி, பெட்டியில் துணிகளுக்கு அடியில், ஈரமும் சூடும் படாத இடத்தில் வைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அவருக்கு நல்ல டம்ளர். விளிம்பு நசுங்கின டம்ளர் எனக்கு வந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் அவர் குடித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நசுங்கின பக்கத்தைத் தவிர்த்து, இந்தப் பக்கமாக வாய் வைத்துக் குடித்தேன்.

மறுநாள் காலை பூசைக்கு முன், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்ரீஸ்து அறைக்குப் போனேன். சாமியார் பூசை உடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். விசாரித்தாயா என்றார். விசாரித்தேன் என்றேன். அந்த இரண்டு எண்ணெயையும் அவருக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அங்கே நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஏமாத்துறானா?"

"இல்ல சாமி. கேட்டா சொல்றாரு. கேக்கணும்."

"அப்ப விக்கினம் எதுவும் இல்ல."

"விக்கினம் இல்ல சாமி. எனக்குத்தான் சந்தேகம் போவல."

அவர் தலைக்கு மேலே உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒன் சந்தேகத்த நா ஓலையில எங்க வாசிக்கிறது?" என்றார். மணி அடித்துவிட்டது.

நான் என் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் முடிந்து ஓலை வாசித்தார்கள். பெயர்களைச் சொல்லி, மூன்றாம் ஓலை என்று சொல்லி, விக்கினம் தெரிந்தவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து என் தங்கை திரும்பினாள். பீடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் இருந்த ஓர் அம்மாளும் திரும்பி என்னைப் பார்த்தாள். சாமியாரிடம் போய்ச் சொன்னவள் இவளாக இருக்குமோ என்று நினைத்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். என் சட்டையிலிருந்து மண்ணெண்ணெய் வாசனை எனக்கே வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.